காட்டுத்தீயும் வயர்லெஸ்ஸும்: ஒருவர் பேச, எல்லோரும் கேட்க

சென்னையிலிருந்து வார இறுதியில் மலையேறப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும், கொஞ்சம் மேலே ஏறியதும் போனில் சிக்னல் போய்விடும். நமக்கு அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. போட்டோ இரண்டு நாள் கழித்துப் போகும். ஆனால் அதே மலையில் கோடைக்கு முன்பே புல் காய்ந்து, எங்கேயோ தீப்பிடித்துக்கொண்டால், அதை அணைக்கப் போகும் வனக்காவலர்களும் வாட்ச்சர்களும் ஒருவருக்கொருவர் எப்படிப் பேசிக்கொள்வார்கள்?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கியவர்களில் பலர் சென்னையிலிருந்து போனவர்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இங்கே மலையேற்றம் பற்றிப் பேச்சு வந்தாலே “ஆளுக்கொரு சாட்டிலைட் போன் கொடுத்துவிட்டால் என்ன?” என்று யாராவது கேட்பார்கள். இந்தியாவில் சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் வைத்திருக்கவே கூடாது. அந்தச் சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், தீக்கு எதிரில் நிற்பவர்களுக்குப் போன் என்கிற சாதனமே அவ்வளவாகப் பொருந்தாது. அது ஏன் என்று புரிந்துவிட்டால், வயர்லெஸ் பற்றிய மற்ற சங்கதிகள் எல்லாம் தானாகவே வரிசையாக வந்து நிற்கும்.

போன் இரண்டு பேருக்கு நடுவில் நடக்கும் பேச்சு. தீயிடம் அந்தக் கணக்கு செல்லாது. சரிவில் 20 பேர் வரிசையாக நின்று இலைச் சருகை ஒதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர் முகட்டில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். காற்று திரும்புகிறது. போன் என்றால் அவர் 20 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். காய்ந்த புல்லில் மேட்டை நோக்கி ஏறும் தீ, மனிதன் ஓடும் வேகத்தைச் சாதாரணமாக மிஞ்சிவிடும். வயர்லெஸ்ஸில் அவர் ஒரு தடவை சொன்னால் 20 பேர் காதிலும் அதே நொடியில் விழுகிறது.

இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இன்னொன்று. யாருக்கோ சொன்னது நம் காதிலும் விழுகிறது. பக்கத்துக் குழு தன் தலைவரிடம் “தண்ணி தீர்ந்துடுச்சு” என்று சொல்வதை நாம் ஒட்டுக்கேட்கிறோம். நம்மிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. ஆனால் நமக்கு இடப்பக்கம் இனி தீயைப் பிடித்து வைக்க ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டது. அமெரிக்க வனத்துறையில் 1957இல் வகுத்த பத்துத் தீயணைப்பு ஆணைகளில் ஒன்று, உன் ஆட்களோடும் உன் மேலாளரோடும் பக்கத்துக் குழுக்களோடும் உடனுக்குடன் பேசிக்கொண்டிரு என்கிறது. அந்தப் பக்கத்துக் குழுவைச் சேர்த்து எழுதியவர் களத்தில் நின்றவராகத்தான் இருக்க வேண்டும்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. எல்லோரும் கேட்கும் வழியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கோடையில் நம் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும்போது ஒரே குழாய்க்கு முன்னால் குடங்கள் வரிசையில் நிற்குமே, சேனலும் (எல்லோரும் சேர்ந்து பேசும் அந்த ஒரே அலைவரிசை) அப்படித்தான். ஒருவர் அண்டாவை வைத்து நிரப்பிக்கொண்டிருந்தால் பின்னால் சின்னச் சொம்போடு நிற்பவரும் காத்திருக்க வேண்டியதுதான். வயர்லெஸ்ஸில் சுருக்கமாகப் பேசு என்று சொல்வது மரியாதைக்காக இல்லை. பின்னால் நிற்பவர் கையில் இருப்பது உயிர் காக்கும் சொல்லாக இருக்கலாம்.

உயரம்தான் எல்லாம்

கையில் பிடிக்கும் வாக்கி டாக்கி பெரும்பாலும் 5 வாட் சக்தியில் வேலை செய்யும். காட்டு வேலைக்குப் பரவலாகப் பயன்படுவது விஎச்எஃப் என்ற அலைவரிசைப் பகுதி, அதிலும் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை. அலையின் நீளம் சுமார் 2 மீட்டர். இதைவிடக் குட்டையான யுஎச்எஃப் அலைகள் கட்டடங்களின் ஜன்னல், கதவு வழியாக நன்றாக நுழைந்து போகும். ஆனால் இலையும் கிளையும் அவற்றைக் கூடுதலாக விழுங்கிவிடும். விஎச்எஃப் மரங்களைக் கொஞ்சம் சுலபமாகத் தாண்டும். மலை விளிம்பில் லேசாக வளைந்தும் இறங்கும். அதற்காக மலையையே துளைத்துக்கொண்டு போய்விடும் என்று நினைக்கக் கூடாது. பொதுவாக, ஒரு ஆன்டெனா இன்னொன்றைப் ‘பார்க்க’ முடிந்தால்தான் பேச்சு.

இதை நம் ஊரிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அந்த அலை எட்டும் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். மெரினா மணலில் நிற்பவர் கையில் செட் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவருக்குத் தொடுவானம் 5 கிலோமீட்டர். நகரத்துக்குள் கட்டடங்கள் குறுக்கே வருவதால் நிஜத்தில் அதில் பாதிகூடக் கிடைக்காது. இப்போது அவரைப் பரங்கிமலை உச்சிக்கு அனுப்புவோம். அது ஏறத்தாழ 90 மீட்டர். தொடுவானம் 39 கிலோமீட்டராகிவிட்டது. எதிர்முனையில் நிற்பவரின் 5 கிலோமீட்டரையும் சேர்த்தால், கணக்குப்படி மாமல்லபுரம் கடற்கரையைத் தொட்டுவிடலாம். செட் அதேதான், பேட்டரியும் அதேதான். சக்தியை இரண்டு மடங்காக்கினால் தூரம் இரண்டு மடங்காகாது. கொஞ்சம்தான் கூடும். அதே உழைப்பை மேடேறுவதில் செலவழித்தால் கிடைப்பது பல மடங்கு.

மலையில் இது தலைகீழாகவும் நடக்கும். பள்ளத்துக்குள் இறங்கிய குழுவுக்கு, அரைக் கிலோமீட்டர் தள்ளி, முகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் குழுவின் சத்தமே கேட்காது. 30 கிலோமீட்டர் தள்ளி வெட்டவெளி உச்சியில் இருப்பவர் மட்டும் தெளிவாகக் கேட்பார். தூரத்தை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது.

புதியவர்களைக் குழப்பும் இன்னொரு விஷயம், கேட்பதும் கேட்கப்படுவதும் ஒன்றல்ல என்பது. ஜீப்பில் பொருத்திய செட் 25 முதல் 50 வாட் வரை தரும். அது பேசினால் உங்கள் கைச் செட்டில் கணீரென்று கேட்கும். நீங்கள் 5 வாட்டில், இடுப்பில் மாட்டியபடியே, உடம்பே அலையை மறைக்கும் நிலையில் பதில் சொன்னால் அது ஜீப்புக்குப் போய்ச் சேராமலே இருக்கலாம். ‘எனக்கு நன்றாகக் கேட்கிறது, ஆகவே தொடர்பு இருக்கிறது’ என்ற நினைப்புதான் ஆபத்து. நீங்கள் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லும்வரை தொடர்பு உறுதியில்லை. பேசும்போது செட்டை இடுப்பிலிருந்து எடுத்து, முகத்துக்கு நேரே, ஆன்டெனா செங்குத்தாக நிற்கும்படி பிடித்தாலே பல சமயம் வேலை முடிந்துவிடும்.

பள்ளத்துக்குத் தீர்வு என்ன? மனிதர்களையே நடுவில் நிறுத்துவது பழைய வழி. முகட்டில் ஒருவர் நின்று இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்வார். இன்றும் இது நடக்கிறது. இதையே ஒரு பெட்டி செய்தால் அதற்குப் பெயர் ரிப்பீட்டர். உயரமான இடத்தில் வைத்துவிட்டால், ஒரு அலைவரிசையில் வருவதை வாங்கி, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில், கூடுதல் சக்தியோடு திருப்பி அனுப்பும். அதனால் ரிப்பீட்டர் வழியாகப் பேசும் செட்டில் இரண்டு எண்கள் இருக்கும், பேச ஒன்று, கேட்க ஒன்று. பெரிய தீ என்றால் அமெரிக்காவில் சோலார் பலகையோடு கூடிய ரிப்பீட்டரை ஹெலிகாப்டரில் தூக்கிப்போய் உச்சியில் வைத்துவிடுகிறார்கள். ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில் இதற்கென்றே ஒரு தேசியக் கிடங்கு இருக்கிறது. தீ எங்கே பிடித்தாலும் அங்கிருந்து செட்டுகளும் ரிப்பீட்டர்களும் புறப்பட்டுப் போகும்.

ரிப்பீட்டர் தேவையில்லாத சத்தத்துக்கெல்லாம் விழித்துக்கொள்ளாமல் இருக்க, பேச்சுக்கு அடியில் காதுக்கு எட்டாத ஒரு மெல்லிய சுருதியைச் சேர்த்து அனுப்புவார்கள். 110.9 ஹெர்ட்ஸ், 123.0 ஹெர்ட்ஸ் என்று அதற்கு வகைகள் உண்டு. டோன் என்பார்கள். சரியான டோன் வந்தால்தான் ரிப்பீட்டர் வாயைத் திறக்கும். செட்டில் அலைவரிசையைச் சரியாகப் போட்டு டோனை மறந்துவிட்டால், மற்றவர்கள் பேசுவதெல்லாம் கேட்கும், நீங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது. செட் கெட்டுப்போனதாக நினைத்து மாற்றிக்கொண்டிருப்பார்கள். டோன் போட்டால் பேச்சு ரகசியமாகிவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகாது. அந்த அலைவரிசையைத் திறந்து வைத்திருக்கும் யாரும் கேட்கலாம்.

யார் எந்தச் சேனலில்

ஒரே சேனலில் 200 பேர் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் பெரிய தீயில் பேச்சைப் பிரிப்பார்கள். குழுக்குள் பேசுவதற்கு ரிப்பீட்டர் இல்லாத நேரடிச் சேனல் ஒன்று. குழுத் தலைவர்கள் மேலே பேச ரிப்பீட்டர் வழியாக ஒன்று. தரையிலிருந்து ஹெலிகாப்டரோடு பேசத் தனியாக ஒன்று. விமானங்கள் தங்களுக்குள் பேச வேறொன்று. யாருக்கு எது என்பதை ஒரே தாளில் எழுதி, தினமும் காலையில் எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள். செட்டுகளையும் ஒரு கம்பி வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே நகலெடுத்துவிடுவார்கள், ஆள் ஆளுக்கு எண்களைத் தட்டித் தப்பு செய்யாமலிருக்க.

இந்த ஒழுங்கெல்லாம் அடிபட்டுக் கற்றது. 1970இல் கலிபோர்னியாவில் அடுத்தடுத்துப் பெருந்தீ பரவியபோது, உதவிக்கு வந்த பல துறைகளுக்கு ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை. அலைவரிசை வேறு, ஒரே பொருளுக்குப் பெயர் வேறு, ஆளுக்கொரு குறிச்சொல். அதன் பிறகு உருவான பொதுக் கட்டளை முறையில், குறிச்சொல் வேண்டாம், நேரடியாகச் சொல்லு என்பது ஒரு விதியானது. நம் நாட்டில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் அந்த முறையைத் தழுவியவைதான்.

நமக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்று தோன்றுகிறது. முதுமலையில் பிடித்த தீக்கு பந்திப்பூர், வயநாடு என்ற எல்லையெல்லாம் தெரியாது. மூன்று மாநிலம், மூன்று மொழி. 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் காடு எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் வந்து வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றியது. அப்படியொரு நாளில், சரிவில் நிற்கும் உள்ளூர் வாட்ச்சர் பார்ப்பது விமானியின் காதுக்குப் போக, இரண்டு பக்கத்து மொழியும் தெரிந்த ஒருவர் செட்டோடு நடுவில் நின்றாக வேண்டும். அந்த ஆளை முன்கூட்டியே குறித்து வைப்பதும் வயர்லெஸ் திட்டத்தில் ஒரு பகுதிதான்.

பேசும் விதம்

முதலில் கூப்பிடப்படுபவர் பெயர், அப்புறம் கூப்பிடுபவர் பெயர். இருபது பேர் வேலை மும்முரத்தில் அரைக் காதாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தன் பெயர் விழுந்ததும் ஒருவர் மட்டும் நிமிர்வார். அடுத்த சொல்லில் யார் அழைப்பது என்று தெரிந்துவிடும். ஒரு கற்பனை உரையாடல்:

“முகடு, முகடு, ஓடைக் குழு பேசுறேன்.”

“சொல்லுங்கண்ணே, முகடு.”

“தீ ஓடையைத் தாண்டிடுச்சு. நாங்க ஏழு பேரும் கருகின பக்கம் நகர்றோம். ஓவர்.”

“தீ ஓடையைத் தாண்டிடுச்சு, ஏழு பேரும் கருகின பக்கம் நகர்றீங்க. சரிதானே?”

“சரி தம்பி.”

ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்தில் தீக்கு இனித் தின்ன ஒன்றுமில்லை, அதனால்தான் அந்தப் பக்கம் ஒதுங்குகிறார்கள். எத்தனை பேர் என்று எண்ணிச் சொன்னதைக் கவனியுங்கள். திருப்பிச் சொன்னதையும் கவனியுங்கள். அந்தத் திருப்பிச் சொல்லல் தேய்ந்த சம்பிரதாயம் மாதிரி தோன்றும். அதற்குப் பின்னால் ஒரு இயற்பியல் இருக்கிறது. இந்தச் செட்டுகள் எஃப்எம் முறையில் வேலை செய்கின்றன. எஃப்எம்மில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால், கேட்பவருக்கு வலுவான அலை மட்டும் கேட்கும். பலவீனமானது பெரும்பாலும் சுவடே இல்லாமல் அமுங்கிப்போகும். பேசிய இருவருக்கும் தாங்கள் மோதிக்கொண்டது தெரியாது. கேட்டவருக்கும் இரண்டாவது ஆள் இருந்ததே தெரியாது. விமானங்கள் தங்களுக்குள் பேசும் ஏஎம் முறையில் இரண்டு அலையும் மோதிக் கீச்சென்று ஒரு சத்தமாவது வரும், யாரோ இருக்கிறார் என்று புரியும். எஃப்எம்மில் அமைதியாக ஒருவர் காணாமல் போகிறார். பக்கத்திலிருப்பவர் எதோ அரட்டையடிக்க, தூரத்துப் பள்ளத்திலிருந்து உதவி கேட்டவர் குரல் அமுங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். திருப்பிச் சொல்லவில்லை என்றால் போய்ச் சேரவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

பொத்தானை அழுத்தியதும் உடனே பேசக் கூடாது. ஒரு நொடி விட வேண்டும். செட்டும் ரிப்பீட்டரும் திறக்க அந்த நேரம் தேவை. இல்லையென்றால் முதல் சொல் வெட்டுப்படும். முடிவில் அவசரமாகக் கையை எடுத்தால் கடைசிச் சொல் போய்விடும். தமிழில் இது கூடுதல் வில்லங்கம், ஏனென்றால் நாம் மறுப்பைக் கடைசியில் வைக்கிறவர்கள். “மேலே வர வேண்டாம்” என்பதில் வால் அறுந்தால் எதிரில் கேட்பது “மேலே வர”. அதனால் “நில்லுங்க, அங்கேயே நில்லுங்க” என்பதுபோல முதல் சொல்லிலேயே சேதி முடியும்படி பேசுவது நல்லது.

உயிருக்கு ஆபத்து என்றால் அதற்கென்று ஒரு சொற்றொடர் முன்பே பேசி வைக்கப்பட்டிருக்கும். அது காதில் விழுந்ததும் மற்ற எல்லோரும் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் லாரிக் குழாய் வரிசையில் ஒருவருக்கு நிஜமான அவசரம் என்றால் எல்லோரும் விலகிக்கொள்வதுபோலத்தான்.

அறுந்துபோன நாட்கள்

1949 ஆகஸ்ட் 5, மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. பாராசூட்டில் குதித்து இறங்கிய தீயணைப்பாளர்களோடு அவர்களுடைய வானொலியும் தனிப் பாராசூட்டில் போடப்பட்டது. அந்தப் பாராசூட் விரியவில்லை. வானொலி கீழே விழுந்து நொறுங்கியது. குழுவிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அன்று மாலை தீ அவர்களை மேட்டில் துரத்தியது, 13 பேர் இறந்தார்கள். வானொலி இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்பது வேறு கேள்வி. ஒரே செட்டை நம்பிப் போகக் கூடாது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

2013 ஜூன் 30, அரிசோனாவில் யார்னல் ஹில். இங்கே செட்டுகளுக்குப் பஞ்சமில்லை. கிரானைட் மவுன்டன் என்ற கைதேர்ந்த குழுவில் 19 பேர் பாதுகாப்பான கருகிய இடத்திலிருந்து கிளம்பி நடந்தார்கள். அவர்கள் எங்கே, எந்த வழியில் போகிறார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரியாத 30 நிமிடத்துக்கும் மேலான ஒரு இடைவெளியை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டுகிறது. கடைசி அழைப்புகள் விமானத்தோடு பேசும் சேனலில் வந்தன. ஏற்கெனவே நெரிசலாயிருந்த அந்தச் சேனலில், யார் எங்கிருந்து பேசுகிறார்கள் என்பது பிடிபடவே நேரமாகிவிட்டது. 19 பேரும் இறந்தார்கள். முதல் கதையில் கருவி இல்லை. இரண்டாவதில் கருவி இருந்தது, அந்த 19 பேர் நகர்ந்து கொண்டிருக்கும் சேதிதான் எல்லோர் காதிலும் இல்லை. என்னைக் கேட்டால் நம் ஊர்ப் பயிற்சிகளில் இரண்டாவதுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். செட் வாங்கப் பணம் இருந்தால் போதும், இதற்குப் பழக்கம் வேண்டும்.

இடையில் 1991இல் பால் கிளீசன் என்ற அமெரிக்கத் தீயணைப்பாளர் பாதுகாப்புக்கு நான்கு விஷயங்களைச் சேர்த்துச் சொன்னார்: கண்காணிக்க ஒருவர், தகவல் தொடர்பு, தப்பும் வழி, ஒதுங்கும் இடம். இதில் தகவல் தொடர்பு மற்ற மூன்றையும் கட்டும் கயிறு. முகட்டில் கண்காணிப்பவர் தீயைப் பார்த்துவிட்டால் மட்டும் பயனில்லை, அவர் பார்த்தது கீழே இருப்பவருக்கு எட்டினால்தான் தப்பும் வழிக்கு அர்த்தம்.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களில் சூடான புள்ளிகளைப் பார்த்து, அந்தந்தப் பகுதி வனத்துறையினரின் போனுக்கே எச்சரிக்கை அனுப்புகிறது. அது தீ எங்கே என்று சொல்லும். அந்த எச்சரிக்கை ரேஞ்சரின் போன்வரை வரும். அங்கிருந்து சரிவில் நிற்கும் வாட்ச்சர்வரை போக வயர்லெஸ் வேண்டும். அதுவும் செயற்கைக்கோள் மேலே வரும் நேரத்தில்தான் பார்க்கும், காற்று திரும்பும் நேரத்தில் இல்லை.

பேட்டரி பற்றி ஒரு வரி. காட்டில் சார்ஜ் போட இடமில்லை. அதனால் அமெரிக்கக் குழுக்கள், கடையில் கிடைக்கும் சாதாரண ஏஏ பேட்டரிகளை அடுக்கிப் போடும் பெட்டியையும் செட்டோடு வைத்திருக்கிறார்கள். பழைய யோசனை, இன்னும் இதைவிட நல்லது வரவில்லை.

இதைப் படித்துவிட்டு யாராவது ரிச்சி தெருவுக்குப் போய் வாக்கி டாக்கி விலை கேட்கக் கிளம்பினால், ஒரு நிமிடம். விஎச்எஃப் செட்டைக் கையில் வைத்துப் பேச மத்திய அரசின் உரிமம் வேண்டும். வனத்துறையின் அலைவரிசையில் நாம் பேசுவது குற்றம், தீ நேரத்தில் அதைவிடப் பெரிய தொல்லை. ஆர்வம் நிஜமென்றால், ஆசைக்காக வயர்லெஸ் பேசுகிறவர்களுக்கான அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதலாம், 12 வயதிலிருந்தே எழுத அனுமதி உண்டு. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு பகுதி அந்த உரிமம் பெற்றவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன தொடுவானக் கணக்கு, டோன், ரிப்பீட்டர் எல்லாமே அதில் அப்படியே வரும். உரிமம் கைக்கு வந்த பிறகு பரங்கிமலைப் படிக்கட்டில் ஒருவரையும் மாமல்லபுரத்தில் ஒருவரையும் நிறுத்திப் பார்க்கலாம், அந்த 44 கிலோமீட்டர் நிஜத்தில் எவ்வளவு தேறுகிறது என்று.